நிழல் விழாத நாளுக்கு அரைக்கூலி

எங்கள் பக்கத்தில் யாராவது "பேச்சுவார்த்தை வெற்றி" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் வாய் கோணிக்கொள்ளும். முதலாளி தரப்பு சொன்னாலும் சரி, சங்கத்துத் தரப்பு சொன்னாலும் சரி. அந்த இரண்டு தரப்பும் ஒரே மேஜையில், ஒரே காற்றாடிக்குக் கீழே, ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தின்றேன். இல்லையென்று சொல்லமாட்டேன்.

நான் வேலை பார்த்தது கம்பி மத்தாப்புக் கம்பெனியில். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பக்கம், ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருந்தது. சில ஓட்டுக் கொட்டகைகள், ஒரு பெரிய களம், சுற்றிலும் மதில், ஒரு இரும்புக் கேட். அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் நிலம் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் என் மாமனாருக்குத் தனிப் பெருமை. மழை பெய்தால் பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் பெருமை மட்டும். "காடுகரை உள்ள சம்சாரி வீட்டுப் பொம்பளை வெடிமருந்து அள்ளப் போறதா?" என்று கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். முதல் வாரக் கூலி வீட்டுக்கு வந்ததும் முறைப்பு தானாக நின்றுபோனது.

வேலை இதுதான். துளை போட்ட மரப்பலகையில் கம்பிகளை வரிசையாகக் குத்தி நிறுத்த வேண்டும். அது பெண்களின் வேலை. அந்தப் பலகையைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பிகளை மருந்துக் கூழில் முக்கி எடுப்பது ஆண்கள். முக்கியெடுத்த பலகைகளைக் களத்துக்குத் தூக்கிப்போய் வெயிலில் பரப்பி, காய்ந்ததும் எடுத்து வந்து கொடுப்பது மறுபடியும் நாங்கள். ஒரு முக்கு போதாது. காயக் காய மறுபடி முக்க வேண்டும். அதனால் வெயில் இல்லாவிட்டால் கம்பெனியில் ஒருத்தருக்கும் வேலை இல்லை.

வெயில் உண்டா இல்லையா என்று சொல்வது களத்து நடுவில் நட்டிருந்த ஒரு கல். இடுப்பு உயரம் இருக்கும். போர்மேன் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். கல்லுக்கு நிழல் விழுந்திருந்தால் வேலை தொடங்கும். விழவில்லையென்றால் விழும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆலைகளில் சங்கு ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு அந்தக் கல்லின் நிழல்தான் சங்கு.

அப்படி உட்கார்ந்திருப்பதற்குக் கூலி கிடையாது. விடியுமுன் லாரி ஊர் ஊராக வந்து எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு வரும். கம்பெனியில் இறக்கியதும் அது விருதுநகருக்கு லோடு அடிக்கப் போய்விடும். பொழுது மசங்கித்தான் திரும்பி வரும். வெயில் வராமலே போனால் அன்றைய நாள் எங்களுக்கு வெட்டி. முதலாளிக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் வெளுத்தால் ஒரு முக்காவது போட்டுவிடலாம் என்று எங்களை வைத்திருப்பார்.

எனக்கு அப்போது கைப்பிள்ளை. தை மாதம் பிறந்தவன். லாரிக்கு நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பான்; நான் திரும்பும்போதும் தூங்கியிருப்பான். நடுவில் என் நாத்தனார் ஆட்டுப்பாலும் கேப்பைக் கூழும் கொடுத்து வைத்திருப்பாள். தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுப்பேன். பாதி குடிப்பான், பாதியில் வாய் நழுவிவிடும். விழித்திருக்கும் என் பிள்ளையை நான் பார்ப்பது மேகம் போட்ட நாளில்தான்.

அந்த நாட்களில் நானும் எனக்குப் பக்கத்துப் பலகையில் வேலை பார்த்த ஒரு சின்னவளும் போர்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். அவளுக்கும் கைப்பிள்ளை, முதல் பிள்ளை. வேலையும் இல்லை, கூலியும் இல்லை, எவன் எங்களைப் பிடித்து வைக்க முடியும்? ஓடைக்கரையைப் பிடித்துக் காட்டுவழியே நடந்தால் வீடு. வாசலிலேயே கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பேன். மருந்தின் வெள்ளி நிறம் நகக்கண்ணில் இருந்து போகவே போகாது. பிறகு பிள்ளையை எடுத்தால், அவன் குடித்துக்கொண்டே என் மூக்கைப் பிடித்து இழுப்பான். என் மாமனார் பயிருக்காக வானத்தைப் பார்ப்பார். நான் இந்த மூக்கு இழுப்புக்காகப் பார்ப்பேன். மேகம் போட்டால் சந்தோஷப்படுகிற ஒரே மத்தாப்புக்காரி நானாகத்தான் இருந்திருப்பேன்.

சங்கம் வருவதற்கு முன்னாலும் நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அதற்கென்று ஒரு நாள் இருந்தது, ஆயுத பூசை. அன்றைக்கு முதலாளி பலகைகளுக்கும் மருந்துத் தொட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போடுவார். முடிந்ததும் பொரிகடலையைத் தன் கையாலேயே அள்ளி வரிசையாக எங்கள் ஒவ்வொருத்தர் கையிலும் போடுவார். எல்லாரும் வாங்கினால்தான் பூசை முடிந்ததாகக் கணக்கு. வருஷமெல்லாம் நெருப்போடு புழங்கிச் சம்பாதிக்கிற மனுஷனுக்குச் சாமி பயம் கொஞ்சம் ஜாஸ்தி. அதனால் எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பொரியை வாங்காமல் நிற்போம். சண்டை, கூச்சல் எதுவும் கிடையாது. அவர் வரிசையின் கடைசி வரை பார்த்துவிட்டு, "என்ன வேணும், சொல்லுங்க தாயி" என்பார்.

அப்படித்தான் குடிதண்ணீருக்கு ஒரு தொட்டி வந்தது, உட்காரும் கொட்டகைக்குக் கூரை வந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சுத்தப் பிச்சைக்காரத்தனம். வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் அவருக்கு நோகாத விஷயம் என்றால்தான் நடக்கும். கூலியைக் கூட்டு என்று ஒரு வருஷம் கேட்டோம். சாமி பயத்தை அப்படியே விழுங்கிவிட்டுப் பொரிக்கூடையைக் காக்கைக்குக் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்தப் பொரியைக் காக்கைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது.

வந்தது சங்கம். அதன் செயலாளர் விருதுநகர்க்காரர். முன்பு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். தீபாவளிக்குத் தவிர மருந்தைத் தொட்டறியாதவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வருவார். அலுமினியத் தூள் ஒட்டிக்கொள்ளும் என்று களத்துக்குள் கால் வைக்கமாட்டார். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுதான் எங்கள் கஷ்டங்களை எங்களுக்கே எடுத்துச் சொல்லுவார். "தாய்மார்களே" என்று தொடங்குவார். அந்த வாக்கியம் எங்கெங்கோ போய்விட்டு வந்து முடிவதற்குள் பின்வரிசையில் பாதிப் பேர் பேன் பார்த்து முடித்திருப்பார்கள். ஆனாலும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். எங்களுக்காக ஒருத்தர் வந்து சத்தம் போடுவது அதுதான் முதல் தடவை.

கூலி உயர்வுப் பிரச்சினையைச் சங்கம் எப்படியோ முடித்துவிட்டது. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிஞ்சியது மேகம். வெயில் இல்லாத நாளில் காத்திருப்பதற்குக் கூலி வேண்டும் என்பது கோரிக்கை. அதைப் பேச மதுரையிலிருந்து லேபர் ஆபீசர் வருகிறார், விருதுநகர் டிராவலர்ஸ் பங்களாவில் கூட்டம் என்றார்கள். பேசப்போகிறவர்கள் எல்லாம் ஆண்கள். வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். அது நன்றாக இருக்காது என்று யாருக்கோ உறைத்து, எட்டாவது வரை படித்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும் வழியில் செயலாளர் பஸ்ஸில் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா. இருந்தாப் போதும்."

பங்களாவில் நீள மேஜை. ஒரு பக்கம் முதலாளி, கதர்ச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக. எதிர்ப்பக்கம் செயலாளரும் நானும். நடுவில் ஆபீசர், கையில் மூடி திறந்த பேனா. முதலாளி செயலாளரை "அண்ணாச்சி" என்றார். செயலாளர் முதலாளியை "அண்ணாச்சி" என்றார். வாசலில் எதிரியும் எதிரியுமாகத்தான் வந்தார்கள். உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பதற்குள் சம்பந்திகளாகிவிட்டார்கள்.

நிழல் விழாத நாளுக்கு அரைக்கூலி கொடுக்க முதலாளி சீக்கிரமே சம்மதித்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே எனக்கு என்னவோ போல இருந்தது. சிக்கல் அதற்கு மேல்தான் வந்தது.

"நிழல் என்றால் எப்படிப்பட்ட நிழல்? அதை வரையறுக்க வேண்டும்" என்றார் ஆபீசர்.

"லேசா ஒரு சாயல் விழுந்தாலும் நிழல் நிழல்தான சார்" என்றார் முதலாளி.

"ஒத்துக்கிட முடியாது. கல்லோட விளிம்பு தெரியணும். விளிம்பு தெரியாத நிழலை எங்க தொழிலாளிக ஏத்துக்கிட மாட்டாக" என்று மேஜையைத் தட்டினார் செயலாளர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். போர்மேனைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லுவார்; எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லுவோம். இவர்கள் வாதாடினார்கள், வாதாடினார்கள், கடைசியில் ஆபீசருக்கு ஒரு யோசனை வந்தது. நேரில் பார்த்துவிடலாமே என்றார். தோட்டத்துக்குப் போய் ஆபீசரின் குடையை மண்ணில் குத்தி நிறுத்தினார்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்த நேரத்தில் ஒரு மேகம் வந்து மறைத்துக்கொண்டது. வெயிலுக்காக மூவரும் குடையைச் சுற்றிக் காத்துக்கொண்டு நின்றார்கள். காத்திருந்த அந்த நேரத்துக்கும் ஆபீசருக்கு முழுச் சம்பளம்தான் என்பது அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒரு வழியாக விளிம்பு தெரியும் நிழல் என்று முடிவாகி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஆபீசர் எழுதத் தொடங்கும்போது நான் வாயைத் திறந்தேன்.

"சார், ஒரு வார்த்தை. வெயில் வராதுன்னு தெரிஞ்சிட்டா எங்களைத் திரும்ப வீட்டுல கொண்டுபோயி விட்டுரச் சொல்லுங்க. கைப்பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கோம். சும்மா அங்கன உக்காந்திருக்கிறதுக்கு..."

செயலாளர் என் கை மேல் தன் கையை லேசாக வைத்தார். "அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறாக. அதெல்லாம் சில்லறை விசயம் சார். நாம கூலிக் கோரிக்கைக்கு வருவோம்" என்றார்.

முதலாளி மட்டும் நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கேன். சும்மா இருக்கிறதுக்கு நான் காசு கொடுத்தா, அது கம்பெனி நேரம்தான? காசும் வாங்கிக்கிட்டு அவுக பாட்டுக்குக் கிளம்பிப் போனா என்ன அர்த்தம்?"

"நியாயம்தானே" என்றார் ஆபீசர்.

செயலாளர் முகம் மலர்ந்துபோனது. "தாராளமா வேலை நேரம்னே போட்டுக்கோங்க. காத்திருக்கிறதையும் வேலை நேரம்னு நீங்க ஒத்துக்கிட்டதே எங்களுக்குப் பெரிய வெற்றி" என்றார்.

போட்டார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் என் பெயரை எழுதினேன். அப்போதுதான் அந்த பிஸ்கட் தட்டு வந்தது.

மறுநாள் சுவரொட்டி ஒட்டினார்கள்: மேகத்தை வென்றோம். கேட்டு வாசலில் வெடி வெடித்தார்கள். கம்பெனி வெடிதான், முதலாளி கொடுத்தது. பெண்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. அரைக்கூலியை வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு எங்களில் யாருக்கும் கொழுப்பு கிடையாது. வளர்ந்த பிள்ளை உள்ளவளுக்கும் பிள்ளையே இல்லாதவளுக்கும் அது சும்மா வந்த அரிசி.

ஆவணி முழுக்க நல்ல வெயில். புரட்டாசி பிறந்ததும் மேகம் போட்டது. முதல் நாள், கல்லில் நிழலின் சாயல்கூட இல்லை. சின்னவளும் நானும் வழக்கம்போல எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு கேட்டுக்குப் போனோம். கேட்டில் புதுப்பூட்டு தொங்கியது. போர்மேன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எங்க போறீக?"

"வீட்டுக்கு அண்ணாச்சி. மேகம் போட்டிருக்குல்லா."

"இனி போகக் கூடாதும்மா. கம்பெனி நேரமாக்கும் இது. உங்களுக்குக் கூலி ஏறிக்கிட்டு இருக்கு."

"கூலி வேண்டாம். கேட்டைத் திறங்க."

"வேண்டாம்னு நீங்க சொல்ல முடியாது. அது ஒப்பந்தத்துல இருக்கு. நீங்களும்தான கையெழுத்துப் போட்டிருக்கீக?" என்றார். அந்த மனுஷன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, சங்கடப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

கூலி இல்லாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நாங்கள் எழுந்து போக முடிந்தது. அரைக்கூலி வந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இதை ஒரு சின்னப் பிள்ளைகூட முன்னாலேயே யோசித்திருக்கும். முதலாளி யோசித்தார். எங்களுக்காக யோசிக்கிறேன் என்று கிளம்பி வந்தவர் மட்டும் யோசிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கூலி என்ற ஒரு சொல்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். பொரி வாங்காமல் நின்ற காலத்தில் கேட்கிறவளும் பெறுகிறவளும் ஒரே ஆளாக இருந்தோம். அதனால் தப்பானதைக் கேட்டு வாங்கிவிட வழியே இல்லை. இப்போது கேட்பது ஒருத்தர், கொடுப்பது ஒருத்தர், எழுதுவது ஒருத்தர், அனுபவிப்பது மட்டும் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விருதுநகருக்குப் போய்ச் செயலாளரைப் பார்த்தேன். சங்க ஆபீஸ் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது. ஏறுவதற்குள் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அழாதீக அழாதீக, உக்காருங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அதில் குறையில்லை.

"அம்மா, நாம எம்புட்டுக் கஷ்டப்பட்டு இதை வாங்கியிருக்கோம்! இப்ப நாமளே வந்து கேட்டைத் திறங்கன்னு கேட்டா, அவுக அரைக்கூலியை வெட்டிட மாட்டாகளா? பெற்ற உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது."

"எனக்கு அந்த உரிமை வேண்டாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்."

"அது உங்க தனிப்பட்ட பிரச்சினை. சங்கம் பொதுப் பிரச்சினையைத்தான் எடுக்க முடியும். அடுத்த ஒப்பந்தத்துல பாப்போம்."

"அடுத்தது எப்ப?"

"மூணு வருசம் ஆகும்."

"மூணு வருசத்துல என் மகன் பள்ளிக்கூடத்துக்கே போயிருவான்."

"நல்லாப் படிக்க வையுங்க" என்றார். கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னார். இந்த மாதிரி ஆட்களிடம் கோபப்படக்கூட முடியாது. கோபம் போய் விழுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

அந்தப் புரட்டாசியில் மேகம் விடவே இல்லை. மழையும் பெய்யாது, வெயிலும் வராது. நாளெல்லாம் பூட்டிய கேட்டுக்குள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் ஆனால் எனக்கு மார் கனக்கத் தொடங்கும். கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு வருவேன். கரிசல் மண் அதை ஒரு நொடியில் குடித்துவிடும். வீட்டில் என் பிள்ளை விழித்துக்கொண்டிருக்கிற நேரம் அது. நடந்து போய்விடுகிற தூரத்தில்தான் இருந்தான். வேலை எதுவும் செய்யாமல், பாதிக் கூலி ஏறிக்கொண்டிருக்க, நான் பாலை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஒப்பந்தம் இன்னதென்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

ஒரு நாள் மாரில் இரண்டு பக்கமும் பால் கல்லாகக் கட்டிக்கொண்டது. பீய்ச்சவும் வரவில்லை. குளிர்க்காய்ச்சல் தூக்கி அடித்தது. லாரியிலிருந்து என்னைத் தாங்கித்தான் இறக்கினார்கள். பிள்ளையை வைத்தால் அலறினேன். என் அலறலில் பயந்து அவனும் அலறினான். நாத்தனார் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், என்னென்னவோ அரைத்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே ஆகாது மதினி. விட்டா உசுருக்கு வந்துரும். பூ வச்சுக் கட்டிருவோம்" என்றாள்.

மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரியும். பிள்ளை செத்துப்போனவளுக்குத்தான் பெரும்பாலும் கட்டுவார்கள். எனக்குப் பிள்ளை உயிரோடு அடுத்த திண்டில் உட்கார்ந்திருக்கக் கட்டினாள். வாடிய பூவை எடுத்துப்போட்டுப் புதுப்பூ வைத்து மறுபடி கட்டினாள். காய்ச்சல் இறங்கியது. பாலும் நின்றுபோனது. பிறகு ஒரு தடவை ஆசை தாங்காமல் பிள்ளையை எடுத்து மாரில் வைத்தேன். அவன் ஒரு தரம் வாயை வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி நாத்தனாரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அந்த மாதக் கடைசியில் ஆயுத பூசை வந்தது. களத்தில் பந்தல் போட்டு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் முதலாளி. மற்றதில், சிறப்பு விருந்தாளியாக, சங்கச் செயலாளர். அவர் கழுத்தில் முதலாளி தன் கையால் போட்ட மல்லிகை மாலை, கட்டைவிரல் தடிமனுக்கு நெருக்கமாகக் கட்டியது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. அந்த வாசனை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதற்கு முன்னாலும் அவர்களைப் பார்த்து எரிச்சல் பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அருவருப்பு வந்தது.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று முதலாளி பேசினார். செயலாளர் தலையாட்டினார். பூசை முடிந்தது. முதலாளி பொரிக்கூடையோடு வரிசைக்கு வந்தார். நான் முன்னால் நின்றிருந்தேன். யாரோடும் பேசி வைக்கவில்லை, திட்டம் போடவில்லை. அவர் பொரியை அள்ளியபோது என் கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது.

அவர் என்னைப் பார்த்தார். அடுத்தவளிடம் போனார். அது சின்னவள். அவள் கையும் உள்ளே போனது. அதற்கு அடுத்தவளும். அரைக்கூலியால் லாபம் அடைந்தவர்கள்தான் வரிசையில் பாதிக்கு மேல். எனக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும், என்னை லாரியிலிருந்து இறக்கியவர்களே அவர்கள்தான். கடைசி வரை ஒருத்தியும் கையை வெளியே எடுக்கவில்லை.

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, எல்லாருக்கும் விரதமா?" என்று கேட்டார். எங்கள் சங்கத்தை நடத்தியவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. போர்மேன் அவர் காதில் போய்ச் சொன்னார். விறுவிறுவென்று எழுந்து வந்தார்.

"இது தப்பும்மா. ஒப்பந்தம் அமல்ல இருக்கும்போது இப்படி நிக்கிறது ஒப்பந்த மீறல். வாங்கிக்கோங்க" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. முதலாளியின் கூடையில் தானே கையை விட்டு, ஒரு பிடி பொரியை அள்ளி என் முன்னால் நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவர் கழுத்து மாலையைப் பார்த்தேன். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்தது. பிறகு கீழே இறங்கியது. பொரி களத்து மண்ணில் சிந்தியது.

முதலாளிதான் கேட்டார், பழைய மாதிரியே. "என்ன வேணும், சொல்லுங்க தாயி."

"நிழல் விழாத அன்னைக்குக் கேட்டைத் திறந்து விடுங்க. அரைக்கூலி வேணுங்கிறவுக இருக்கட்டும். வேண்டாங்கிறவுக போகட்டும்."

"முடியாது!" என்று கத்தினார் ஒருத்தர். முதலாளி இல்லை, செயலாளர்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். போகிறவளுக்கு அரைக்கூலி மிச்சம் என்று அவர் மனசு அதற்குள் கணக்குப் போட்டிருக்கும். "அம்புட்டுத்தானா? திறந்துட்டாப் போச்சு. பிடிங்க பொரியை" என்றார். கையை நீட்டினோம். ஆபீசர் இல்லை, குடை இல்லை, வரையறை இல்லை. வாய் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அடுத்த வாரமே சுவரொட்டி வந்தது: கைக்குழந்தைத் தாய்மார்களுக்குச் சங்கம் பெற்றுத் தந்த புதிய உரிமை. என் படத்தைப் போடலாமா என்றுகூட ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

ஐப்பசியில், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மறுபடியும் மேகம் போட்டது. போர்மேன் கல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போய்க் கேட்டைத் திறந்து ஓரமாகச் சாத்தி வைத்தார். சின்னவள் எழுந்து முந்தானையை உதறினாள். கேட்டு வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, வரலையா?"

"நீ போ" என்றேன்.

அவள் ஓடைப்பக்கம் திரும்பி, ஓட்டமும் நடையுமாகப் போவது கேட்டு வழியே கொஞ்ச தூரம் தெரிந்தது. போனால் என் பிள்ளையும் விழித்துக்கொண்டுதான் இருப்பான். நாத்தனார் இடுப்பில் இருந்துகொண்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று என்னைப் பார்ப்பான். நான் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது மசங்கியதும் போர்மேன் வந்து என் அரைக்கூலியைக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.